மேற்குச் சுவரும் மாதத் தவணையும்: கோலாலம்பூரில் வீடு தேடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரின் செந்தூலில் நான் வாங்கிய அடுக்குமாடி வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போனது ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. காற்று வந்தது, வெளிச்சம் இருந்தது, முகவர் சிரித்த முகமாக இருந்தார். குடிபோன முதல் வாரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. பெரிய படுக்கையறையின் வெளிச்சுவர் மேற்குப் பார்த்தது. மாலை ஏழு மணிக்குக் கையை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கும். இரவு பன்னிரண்டு வரை அந்தச் சூடு அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏர்கோன் போடாமல் தூக்கம் வராது. வங்கித் தவணையைக் காசு காசாகக் கணக்குப் போட்டவன், சுவரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

மலிவு வீடு ஒரு பக்கம், பசுமை வீடு இன்னொரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். பசுமை என்றாலே கூரையில் சோலார், வரவேற்புக் கூடத்தில் செடிச்சுவர், விலையில் கூடுதலாக ஐம்பதாயிரம் என்றுதான் விற்பனைக் கூடங்களும் நம்மைப் பழக்கியிருக்கின்றன. பத்தாண்டு குடியிருந்த பிறகு என் கணக்கு வேறு. மின்சாரம், பெட்ரோல், தண்ணீர் இந்த மூன்றையும் குறைவாக இழுக்கிற வீடுதான் மாதக் கடைசியில் கையில் காசு நிற்க வைக்கிறது. பூமிக்கும் அதுதான் நல்லது. அதனால் கீழே வரும் படிகளில் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். கோலாலம்பூரை மனத்தில் வைத்து எழுதியது. பினாங்கில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் படி: விலையை விடுங்கள், மாதக் கணக்கைப் போடுங்கள்

வீடு கட்டுப்படியாகுமா என்று பார்க்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எளிய அளவு ஒன்று உண்டு: விலை, குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும். 2022-இல் கோலாலம்பூரில் குடும்பங்களின் நடுநிலை மாத வருமானம் 10,234 ரிங்கிட். அதாவது பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ். இதன்படி ஏறக்குறைய 368,000 ரிங்கிட் வரை தாங்கும். பினாங்கில் அதே ஆண்டு 6,502 ரிங்கிட். அங்கே 234,000-ஐத் தாண்டினால் மூச்சு முட்டும். ஆனால் இதெல்லாம் ஊர்க் கணக்கு. உங்கள் வீட்டில் இருவர் சேர்ந்து 6,000 கொண்டுவந்தால் உங்கள் எல்லை 216,000.

இது தொடக்கம்தான். இப்போது ஒரு தாளை எடுத்து இரண்டு வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நகருக்கு வெளியே, ரவாங் பக்கமோ செமினி பக்கமோ 250,000-க்கு ஒரு புதிய வீடு. எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் 300,000-க்குப் பழைய அடுக்குமாடி வீடு. நான்கு விழுக்காடு வட்டி, 35 ஆண்டு, முழுக் கடன் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுக்கு மாதத் தவணை சுமார் 1,107. இரண்டாவதுக்கு 1,328. இங்கேயே நிறுத்தினால் தூரத்து வீடுதான் லாபம் என்று தோன்றும்.

நிறுத்தாதீர்கள். தூரத்து வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் 150, பெட்ரோல், டோல், கார் நிறுத்துமிடம் எல்லாம் சேர்த்து 700, மின்சாரம் 220 என்று எழுதுங்கள். மொத்தம் 2,177. நகர வீட்டுக்குப் பராமரிப்பு 200, மாதம் ஐம்பது ரிங்கிட்டுக்கு ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்கிற 'மை50' அட்டை இருவருக்கு 100, வார இறுதிப் பெட்ரோல் 150, மின்சாரம் 150. மொத்தம் 1,928. விலையில் ஐம்பதாயிரம் கூடிய வீடு மாதம் 249 ரிங்கிட் மலிவு. இரண்டாவது கார் வாங்கத் தேவையில்லை என்பதை இன்னும் சேர்க்கவே இல்லை. பெட்ரோலும் டோலும் மின்சாரமும் நான் உதாரணத்துக்குப் போட்ட தொகைகள். உங்கள் ரசீதுகளை எடுத்துவைத்து உங்கள் தொகைகளைப் போடுங்கள். எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் இந்தத் தாளை எழுதிய பிறகு முடிவை மாற்றிக்கொண்டன. ஒரு குடும்பம் மாற்றவில்லை. அவர்களுக்கு வேலையே ரவாங்கில்தான். அதுவும் சரிதான்.

இரண்டாம் படி: பணம் எங்கிருந்து

இதை விரைவாகவே சொல்லிவிடுகிறேன், விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால்.

கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 'ரெசிடென்சி விலாயா' என்கிற மலிவு வீட்டுத் திட்டத்தில் விலை 300,000 ரிங்கிட்டைத் தாண்டாது. பினாங்கில் மாநில அரசின் மலிவு விலை வீடு 42,000, நடுத்தர மலிவு விலை வீடு 72,500. அதற்கு மேல் தனிப் பிரிவுகள் உண்டு. மாதம் 5,000-க்குள் சம்பளம் வாங்கும் தனிநபருக்கு, கையில் முன்பணம் இல்லாவிட்டாலும் முழுக் கடன் கிடைக்க 'ஸ்கிம் ருமா பெர்த்தாமாக்கு' திட்டம் இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், அதாவது ரொட்டி சானாய் கடை போடுபவர், டாக்சி ஓட்டுபவர், வீட்டிலிருந்து கேட்டரிங் செய்பவர், 'எஸ்ஜேகேபி' என்கிற கடன் உத்தரவாதத் திட்டத்தைக் கேளுங்கள். 2008-இலிருந்து இருக்கிறது. நம்மவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதத்திலிருந்து மூன்று கணக்குகள். வீட்டுக்கு எடுப்பது செஜாத்ரா கணக்கிலிருந்து. முதல் வீடு 500,000-க்குள் இருந்தால் முத்திரை வரி விலக்கு உண்டு. அரசாங்கம் இதைத் தவணை தவணையாக நீட்டித்து வருவதால், கையெழுத்துப் போடும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் உறுதிப்படுத்துங்கள். வீட்டுக் கடன் அதிகபட்சம் 35 ஆண்டு அல்லது 70 வயது வரை, எது முதலில் வருகிறதோ அது. நாற்பத்தைந்து வயதில் வாங்குபவருக்கு 25 ஆண்டுதான் என்பதால் தவணை ஏறும்.

வாங்கும் நிலையில் இல்லையா? கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளுக்கு மாத வாடகை 124 ரிங்கிட். வரிசை நீளம். ஆனாலும் மனுவைப் போட்டுவைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். போடாமல் இருப்பதால் வரிசை குறையப்போவதில்லை.

மூன்றாம் படி: இடத்தைக் காலால் பாருங்கள்

'ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிடம்' என்று விளம்பரத்தில் இருந்தால் அது யாருடைய ஐந்து நிமிடம் என்று பாருங்கள். காரில் ஐந்து நிமிடம் என்றால் நடந்தால் முப்பது. நடுவில் நெடுஞ்சாலை ஒன்று குறுக்கே ஓடினால் நடக்கவே முடியாது. காலை ஏழரைக்கு ஒரு நாள், மழை பெய்யும் மாலையில் ஒரு நாள் நடந்து பாருங்கள். கூரை போட்ட நடைபாதை இல்லாத இடத்தில் மூன்று வாரத்தில் மனசு காருக்குத் திரும்பிவிடும். அப்புறம் முதல் படியில் போட்ட கணக்கு முழுவதும் வீண்.

வெள்ளத்தைப் பற்றி முகவரைக் கேட்காதீர்கள். முகப்பில் இருக்கும் மளிகைக் கடைக்காரரையும் பாதுகாவலரையும் கேளுங்கள். '2021 டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது?' என்று தேதியோடு கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். பினாங்கில் என்றால் 2017 நவம்பரைக் கேளுங்கள். கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் தூண்களின் அடியில் ஒரே உயரத்தில் ஓடும் பழுப்புக் கோடும் பதில் சொல்லும்.

பின்னால் மலைச்சரிவு இருந்தால் கூடுதல் கவனம். 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்ததை நம் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. தாங்குச்சுவரில் ஈரம் கசிகிறதா, வடிகாலில் மண் அடைத்திருக்கிறதா, அதைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று கேளுங்கள். பொறுப்பு யாருடையது என்பதற்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னால் அந்த வீட்டை விட்டுவிடலாம்.

நான்காம் படி: நான்கு மணிக்குப் போங்கள், ஊதுபத்தி கொண்டுபோங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வாங்கிய பிறகு மாற்ற முடியாத விஷயங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உச்சி வெயில் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கும். அதனால் வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சின்ன சன்ஷேட் போதும். கிழக்கும் மேற்கும்தான் சாய்வெயிலை நேராக வாங்கும். அதிலும் மேற்கு மோசம், ஏனென்றால் பகல் முழுக்கக் காற்றே சூடாகிவிட்ட பிறகு அந்த வெயில் விழுகிறது. கைத்தொலைபேசியில் திசைகாட்டி இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் வெளிச்சுவர் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். படுக்கையறை வடக்கிலோ தெற்கிலோ, சமையலறையும் குளியலறையும் மேற்கில் என்றால் அருமையான வீடு. நேரெதிராக இருந்தால் விலையைக் குறைத்துப் பேச ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

வெயிலடித்த ஒரு நாளில் மாலை நான்கு மணிக்கு ஒருமுறை, ஏழு மணிக்கு ஒருமுறை போய் எல்லா வெளிச்சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். என் தவறு எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. கீழ்வீட்டுப் பெரியவர் பிறகு சொன்னார்: "பத்து மணிக்கு எல்லா வீடும் நல்ல வீடுதான், தம்பி."

ஏன் இரவிலும் சூடு? என் பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. மதியம் உள்ளே இருக்க முடியாது, தகரம் கொதிக்கும். ஆனால் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியே சூடு வெளியேறிவிடும். காங்கிரீட்டும் செங்கல்லும் அப்படியல்ல. பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் தூங்கப் போகும்போது மெதுவாக விடும். ஆகவே நம் வீடுகளில் வெயில் சுவரில் விழாமல் தடுப்பதும், விழுந்துவிட்டால் காற்றைக் கொண்டு வெளியேற்றுவதும்தான் மொத்த வித்தை.

காற்றைப் பார்க்க ஊதுபத்தி. வாசற்கதவையும் எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் திறந்துவிட்டு, வீட்டின் நடுவில் ஒன்றைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் காற்றோட்டம் இருக்கிறது. நேராக மேலே எழும்பி அங்கேயே சுருண்டால் அந்த வீட்டில் வாழ்நாள் முழுக்க மின்விசிறிதான். முகவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். நடு நடைபாதைக்கு இருபுறமும் வீடுகள் இருக்கும் புதிய கட்டடங்களில் ஒரே ஒரு பக்கம்தான் ஜன்னல் இருக்கும். இந்தச் சோதனையில் அவை பெரும்பாலும் தோற்றுவிடும். வெளிநடைபாதை ஓடும் பழைய பிளாட்டுகள் இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் வெல்லும். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளுக்குள் போயிருப்பீர்கள். இருபுறமும் ஒட்டிய சுவர்கள், ரயில் பெட்டி மாதிரி நீளம். இருந்தும் நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று சூட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும்.

ஜன்னலையும் பாருங்கள். பழைய வீடுகளில் நாக்கோ எனப்படும் கண்ணாடிப் பட்டை ஜன்னல்கள் இருக்கும். அசிங்கமாக இருக்கிறது என்று முதல் வேலையாகக் கழற்றிப் போட்டுவிட்டு இழுவைக் கண்ணாடி போடுகிறோம். இழுவை ஜன்னல் எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். நாக்கோ கிட்டத்தட்ட முழுவதும் திறக்கும், சாரல் மழையிலும் சாய்த்துத் திறந்து வைக்கலாம். நானும் கழற்றியவன்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசியாகக் குழாய். திறந்ததும் முதலில் பழுப்புத் தண்ணீர் வந்தால் உள்ளே பழைய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருக்கின்றன என்று பொருள். மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். மேல்மாடி என்றால் கூரைக்கு அடியில் காப்புப் போட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பழையதா, புதியதா? அப்புறம் தாள்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது செங்கல் சூளைகளால். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, மரத்தையும் அத்தாப்பு ஓலையையும் விட்டுச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். அதிலிருந்து இன்றுவரை இடித்துக் கட்டுவதே நமக்கு முன்னேற்றம். ஆனால் உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய எட்டு விழுக்காடு சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. ஏற்கெனவே நிற்கும் ஒரு பிளாட்டின் காங்கிரீட்டுக்கு அந்தக் கடனை நம் தாத்தா காலத்திலேயே கட்டியாகிவிட்டது. உறுதியான பழைய கட்டடத்தில் வீடு வாங்கிச் சீர்ப்படுத்துவதுதான், என் கணக்கில், சாமானியர் செய்யக்கூடிய மிகப் பெரிய பசுமைச் செயல். பினாங்கு ஆயர் ஈத்தாமில் ரைஃபிள் ரேஞ்ச் பிளாட்டுகளைப் பாருங்கள். அறுபதுகளின் கடைசியில் முன்வார்ப்புக் காங்கிரீட் பலகைகளால் எழுப்பியவை, இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன.

புதியதுதான் வேண்டும் என்றால் 2009-இல் தொடங்கிய கிரீன் பில்டிங் இண்டெக்ஸ், அதற்குப் பின் வந்த கிரீன்ஆர்இ ஆகிய சான்றிதழ்களைப் பார்க்கலாம். சான்றிதழ் இருக்கிறது என்பதோடு விடாமல் எந்தத் தரம், எதற்காகப் புள்ளிகள் கிடைத்தன என்று கேளுங்கள். மிதிவண்டி நிறுத்துமிடத்துக்குக் கிடைத்த புள்ளி உங்கள் படுக்கையறையைக் குளிர்விக்காது. மேம்பாட்டாளரின் உரிமத்தையும் திட்டத்தின் நிலையையும் வீடமைப்பு அமைச்சின் 'தெடு' (TEDUH) இணையத்தளத்தில் சரிபார்த்துவிடுங்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்களுக்குக் குறைபாடுகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்தில் கொடுங்கள், படத்தோடு கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். நகரவில்லை என்றால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலேயே கேட்கலாம்.

பழைய வீட்டுக்கு மூன்று கேள்விகள். நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம்? 99 ஆண்டில் நாற்பது கரைந்துவிட்ட வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கி யோசிக்கும். பெயர் மாற்ற மாநில அனுமதிக்கும் காத்திருக்க வேண்டிவரும். இரண்டாவது, இது பூமிபுத்ரா லாட்டா, அதாவது மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கென ஒதுக்கிய வீடா? முன்பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்துத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, விற்பவர் பராமரிப்புக் கட்டணமும் மதிப்பீட்டு வரியும் பாக்கியில்லாமல் கட்டியிருக்கிறாரா? நிர்வாக அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

ஆறாம் படி: சீரமைப்பில் எதை முதலில் செய்வது

சீரமைப்பு ஒப்பந்தக்காரரிடம் வீடு சூடு என்று சொன்னேன். மூன்று ஏர்கோன் போடச் சொன்னார். அவர் பிழைப்பு அது. நான் போட்டேன், அது என் முட்டாள்தனம். இன்று செய்வதாக இருந்தால் குறைந்த செலவிலிருந்து தொடங்குவேன்.

முதலில் நிழல். திரைச்சீலையை உள்ளே போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைப் பிடிக்கிறீர்கள். அதே மறைப்பு வெளியே இருந்தால் சூடு வெளியிலேயே நின்றுவிடும். பால்கனியில் தொங்கவிடும் மூங்கில் பிடாய் நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் சமாச்சாரம். என் மேற்கு ஜன்னலில் பிடாய் கட்டினேன். சுவரோரம் துணி அலமாரியை நான்கு விரல் இடைவெளிவிட்டு நிறுத்தினேன். இடைவெளி முக்கியம், இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். கட்டில் எதிர்ச்சுவருக்குப் போனது. தரைவீடோ மேல்மாடியோ என்றால் கூரைதான் முதல் எதிரி: உட்கூரைக்கு மேல் பாறைக் கம்பளி விரிப்பு, ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள், வெளிர்நிறப் பூச்சு. அடுக்குமாடியில் வெளிச்சுவர் பொதுச்சொத்து. இஷ்டத்துக்கு வண்ணம் அடிக்கவோ பந்தல் இறக்கவோ முடியாது, நிர்வாகத்திடம் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது விசிறி. ஒரு கூரை விசிறி 70 வாட். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 17 யூனிட். ஒரு குதிரைத்திறன் பழைய ஏர்கோன் அதே நேரம் ஓடினால் 190 யூனிட் வரை இழுக்கும். பதினோரு மடங்கு. டிசி மோட்டார் விசிறி அந்த 17-லும் பாதியே எடுக்கும். ஏர்கோன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே இரவில் இரண்டு மணி நேரம் போடுகிறேன், பிறகு விசிறி. வாங்கும்போது ஐந்து நட்சத்திர முத்திரையும் இன்வெர்ட்டரும் பாருங்கள். அறைக்கு மிஞ்சிய பெரிய ஏர்கோன் வாங்காதீர்கள். சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரப்பதம் போகாது, பிசுபிசுப்பாகவே இருக்கும்.

2025 ஜூலையிலிருந்து வீட்டு மின்கட்டண முறை மாறிவிட்டது. மாதம் 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சேமிப்பு ஊக்கத்தொகை கழிகிறது. எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ யூனிட்டுக்கு அவ்வளவு அதிகக் கழிவு. 600 யூனிட்டைத் தாண்டினால் 10 ரிங்கிட் நிலைக்கட்டணம் சேரும். ஆகவே ஒரு ஏர்கோனைக் குறைத்தால் இரண்டு வழியில் லாபம்.

சோலார் தரைவீட்டுக்காரர்களின் கேள்வி. மிச்ச மின்சாரத்தைக் கட்டணத்தில் கழித்துத் தந்த பழைய நெம் (NEM) திட்டம் 2025 நடுவில் முடிந்தது. 2026 ஜனவரியிலிருந்து அதன் இடத்தில் 'சோலார் அத்தாப்' திட்டம். இதில் மிச்ச மின்சாரத்துக்கான கழிவு அடுத்த மாதத்துக்குப் போகாது. பகலில் வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பம் பெரிய அமைப்பு போடுவது வீண். பகலில் பாட்டியும் பிள்ளைகளும் வீட்டில் இருந்தால் கணக்கு வேறு. எப்படியானாலும் நிழலும் விசிறியும் முடிந்த பிறகுதான் சோலார். இல்லாவிட்டால் ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைத்த கதை.

தண்ணீருக்கு ஒரே சோதனை. இரவு படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் படம் எடுங்கள். காலையில் யாரும் எழும் முன் இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் கசிவு; பத்தில் எட்டுக் கழிவறைத் தொட்டியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் பிளம்பர் வாக்கு. தரைவீடு என்றால் மழையை விடாதீர்கள்: ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுர மீட்டர் கூரைக்கு ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மாலை மழை 1,200 லிட்டர். கார் கழுவ, செடிக்கு, கழிவறைக்குப் போதும். தொட்டிக்குக் கொசுவலை போட்ட மூடி கட்டாயம், டிங்கியை வளர்த்துவிடக் கூடாது.

ஏழாம் படி: கூட்டத்துக்குப் போங்கள்

அடுக்குமாடியில் உங்கள் கதவுக்கு உள்ளே செய்வதைவிட வெளியே செய்ய வேண்டியது அதிகம். 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல் அதன் பத்து விழுக்காட்டைச் சேமிப்பு நிதிக்குக் கட்டுகிறோம். மின்தூக்கி மாற்ற, வண்ணம் அடிக்க, தொட்டி பழுதுபார்க்க இருக்கும் பணம் அது. ஆண்டுக் கூட்டத்தில் அதன் கணக்கைக் காட்ட வேண்டும். பாக்கி வைத்திருப்பவருக்கு ஓட்டு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து ரிங்கிட் மலிவான பராமரிப்புக் கட்டணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மின்தூக்கி நின்றுபோன பதினாறு மாடிக் கட்டடத்தில் அந்த மலிவுக்கு அர்த்தம் கிடையாது.

மேல்வீட்டுக் குளியலறை உங்கள் உட்கூரையில் ஒழுகினால் சண்டை போடாதீர்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஏழு நாளுக்குள் வந்து பார்த்து, காரணத்தைப் படிவம் 28-இல் எழுதித் தர வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது.

பினாங்கில் மலிவு விலை, நடுத்தர விலை அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் 'தாபோங் 80' பற்றிக் கேளுங்கள். மின்தூக்கி, கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற பெரிய பழுதுகளுக்கு மாநில அரசு 80 விழுக்காடு வரை கொடுக்கும், குடியிருப்பாளர்கள் மிச்சத்தைப் போட வேண்டும். ஆனால் மனுப் போட உயிரோடு இயங்கும் நிர்வாகக் குழு வேண்டும். கூட்டத்துக்கு யாரும் வராத இடத்தில் இந்தப் பணம் வராது.

எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முந்நூறு வீட்டுக்கு முப்பது பேர் வந்திருந்த கூட்டம். மின்துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு எழுந்தார். பதினாறு மாடி, மாடிக்குப் பன்னிரண்டு குழல்விளக்கு, மொத்தம் 192. ஒவ்வொன்றும் 40 வாட். பகலிலும் எரிகிறது. மாதம் 5,530 யூனிட். 18 வாட் எல்இடியாக மாற்றி, இரவு பன்னிரண்டு மணி நேரம் மட்டும் எரியவிட்டால் 1,244. "நாலாயிரத்துச் சொச்சம் யூனிட்டை நடைபாதைக்குத் தின்னக் கொடுக்குறோம். அந்தக் காசு நம்ம கட்டணத்துலருந்துதான் போகுது," என்றார். அந்த ஆண்டு யாரும் கை தூக்கவில்லை, விளக்கு வாங்கும் செலவு அதிகமாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதே நோட்டுப் புத்தகம், அதே கணக்கு, கூடவே மூன்று கடைகளின் விலைப்பட்டியல். நிறைவேறிவிட்டது. இப்போது அண்ணன் தண்ணீர் பம்ப் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.